இரண்டு மாடு, ஆறு ஆடு, ஒரு பன்றி

செவ்வாய், இரவு

இன்றும் ஜோசப் பிளம்ப் மார்ட்டினோடுதான் பொழுது போயிற்று. 1776-இல், அமெரிக்க விடுதலைப் போரின்போது, கனெக்டிகட்டில் படையில் சேர்ந்தபோது அவருக்கு வயது 15. 1777 குளிர்காலத்தில், நன்றி தெரிவிக்கும் நாளன்று, பட்டாளத்தில் ஆளுக்கு அளந்து கொடுத்தது அரை ஆழாக்கைவிடக் குறைந்த அரிசியும் ஒரு கரண்டி வினிகரும். போர் ஓய்ந்ததும் மெய்ன் பகுதியில் பெனாப்ஸ்காட் ஆற்றோரம் குடியேறினார்.

அவர் குடும்பத்தை மக்கள்தொகைக் கணக்கில் தேடினால் கிடைக்காது. அந்தக் காலத்தில் குடும்பத் தலைவர் பெயரை மட்டும் எழுதி, மற்றவர்களைத் தலை எண்ணி விட்டுவிடுவார்கள். வீட்டிலுள்ள, அடிமையல்லாத எல்லார் பெயரையும் முதன்முதலாக எழுதியது 1850 கணக்கில். கணக்குநாள் ஜூன் 1. மார்ட்டின் இறந்தது அதே ஆண்டு மே 2. ஒரு மாதம்! மனசு ஆறவில்லை.

வியாழன்

மார்ட்டினின் ஓய்வூதியக் கோப்பைத் திறந்தேன். வறுமையில் வாடும் பழைய வீரர்களுக்கென 1818-இல் வந்த சட்டப்படி கிடைத்த ஓய்வூதியம் அது. ஆண்டுக்கு 96 டாலர். 1820-இல், சொத்துப்பட்டியல் கொடுத்துச் சத்தியம் செய்யச் சொன்னது அரசு. மார்ட்டின் கொடுத்த பட்டியல்: இரண்டு மாடு, ஆறு செம்மறியாடு, ஒரு பன்றி. கூடவே நோயாளி மனைவி லூசி, பிள்ளைகள். ஏறக்குறைய ஏழு ஆண்டு படையில் இருந்த சிப்பாய் ‘நான் ஏழை’ என்று நிரூபித்த தாளில்தான் இந்தக் குடும்பம் எனக்குக் கிடைக்கிறது. வீரர்களின் விதவைகள் கதையும் இப்படித்தான். திருமணத்துக்குச் சான்று கேட்டபோது வீட்டு பைபிளில் பிறப்பும் இறப்பும் எழுதிய ஏட்டையே கிழித்து அனுப்பினார்கள் பலர். அந்த ஏடுகள் வீடு திரும்பவில்லை. இன்றும் கோப்புகளில் இருக்கின்றன.

சனி

மார்ட்டினின் நிலம் எங்கே போனது? ஹென்றி நாக்ஸிடம். யார்க்டவுன் முற்றுகையில், 1781-இல், நாக்ஸ் பீரங்கிப் படைத் தளபதி. மார்ட்டின் அகழி வெட்டிய படைப்பிரிவில் சார்ஜென்ட். நாக்ஸின் மனைவி நிலக்கிழார் சாமுவேல் வால்டோவின் பேத்தி. அந்த வம்சாவளியைக் காட்டித்தான் மெய்னில் பெரும்பரப்பை நாக்ஸ் தம்முடையதாக்கிக்கொண்டார். 1797-இல், மார்ட்டின் குடியேறிய நூறு ஏக்கருக்கு 170 டாலர் கட்டச் சொன்னார்கள். 1801-இல் அவர் தம் பழைய தளபதிக்குக் கெஞ்சிக் கடிதம் எழுதினார். 1811-இல் பாதி நிலம் போயிருந்தது, 1818-இல் எதுவும் மிச்சமில்லை.

நாக்ஸின் மனைவி பெயரும் லூசிதான். நோட்டில் வால்டோ வம்சத்தை ஒரு பக்கம் வரைந்தேன். எதிர்ப்பக்கத்தில் ஜோசப், லூசி, பிள்ளைகள். அவர்கள் பெயருக்குக் கீழே அந்த மாடுகளையும் ஆடுகளையும் பன்றியையும் எழுதினேன்.