கதவில் விழுந்த ஒடுக்கு

நீண்ட பதிவு. நேரமிருப்போர் படிக்கலாம்.

கடந்த எட்டு மாதங்களாக என் விடுதி அறை மேசையின் ஒரு பாதி ஆய்வேட்டுக்கும் மறுபாதி ஒரு லாரிக்கும் உரியதாக இருக்கிறது. லாரியின் நீளம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். சமையல் எரிவாயு சிலிண்டர்களை வீடு வீடாகக் கொண்டுசெல்லும் டாடா 407 வண்டியின் மாதிரியுரு அது; 24இல் ஒரு பங்கு அளவு.

அறைக்கு வரும் நண்பர்கள் முதலில் கேட்பது, ‘எங்கே வாங்கினாய்?’ என்பதே. வாங்கவில்லை. நான் தேடியவரை இந்த வண்டிக்கு இந்த அளவில் ஆயத்தப் பாகங்கள் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் முகப்புக்கு மட்டுமே உதவியிருக்கும். நம் நாட்டுச் சரக்கு வண்டிகளில் பெரும்பாலும் சேஸும் முகப்பும் தொழிற்சாலையிலிருந்து வரும்; பின்பகுதியை உள்ளூர்ப் பட்டறை கட்டித் தரும். பாடி கட்டியவரின் கையும் வண்டிக்காரரின் வசதியும் சேர்ந்து ஒவ்வொரு வண்டியையும் தனி வண்டியாக்கிவிடுகின்றன. எனக்கு வேண்டியிருந்தது ஏதோ ஒரு 407 அன்று; என் அப்பா 2004 முதல் 2017 வரை நாமக்கல் பக்கத்தில் ஓட்டிய 407.

1986இல் இந்த வண்டி சந்தைக்கு வந்தபோது டி.சி.எம். டொயோட்டா, ஸ்வராஜ் மாஸ்டா, ஆல்வின் நிஸான், ஐஷர் மிட்சுபிஷி என ஜப்பானியக் கூட்டில் பிறந்த இலகுரக வண்டிகள் ஏற்கெனவே களத்தில் இருந்தன. அவற்றுக்கு எதிராக நின்று நிலைத்த இந்த வண்டி, இன்று நான் ஆய்வு செய்யும் புனே நகரத்தில் உருவானது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, “அப்படீங்களா கண்ணு?” என்றார். அதற்கு மேல் அவர் வியக்கவில்லை.

அப்பாவின் வண்டி விற்கப்பட்டுவிட்டது. எஞ்சியவை இரண்டு நிழற்படங்கள். ஒன்று 2006இல் புது வண்ணம் அடித்த ஆயுதபூசை நாளில் எடுத்தது. மற்றது 2013இல் உறவினர் ஒருவர் கைப்பேசியில் எடுத்தது. வண்டியின் பின்புறம் இரண்டிலும் இல்லை.

நிழற்படத்திலிருந்து அளவெடுக்க ஓர் அளவுகோல் வேண்டும். எனக்கு அது சிலிண்டர். 14.2 கிலோ சிலிண்டரின் விட்டம் ஏறத்தாழ 32 சென்டிமீட்டர். விடுதிச் சமையற்கட்டு வாசலில் ஒன்றை நானே அளந்தேன். படத்தில் அது எத்தனை மில்லிமீட்டர் எனப் பார்த்து, அதே தளத்தில் உள்ள கம்பி, பலகை, கொக்கி ஆகியவற்றைக் கணக்கிடலாம். முன்னோ பின்னோ தள்ளியிருக்கும் பொருளுக்கு இக்கணக்கு பொய்த்துவிடும். டயருக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதன் பக்கத்திலேயே 7.00-16 என்று எழுதியிருக்கும். 16 அங்குல வளையம், மேலும் கீழும் ஏறத்தாழ 7 அங்குல டயர். ஆக 30 அங்குலம். 24ஆல் வகுத்தால் 32 மில்லிமீட்டர்.

சேஸும் முகப்பும் பாலிஸ்டைரீன் தகடுகளால் ஆனவை. கத்தியால் முழுதாக அறுக்கத் தேவையில்லை. ஆழமாகக் கோடு கிழித்து மடக்கினால் நேராக முறியும். இதற்கான பசை உண்மையில் பசையன்று. இரு பரப்புகளையும் இளக்கி ஒன்றாக்கிவிடும் கரைப்பான் அது; சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். 0.25 மில்லிமீட்டர் தகட்டைக் கீற்றுகளாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக நீளம் குறைத்து அடுக்கினால் ஸ்பிரிங் பட்டைகள். மெல்லிய தகட்டின் பின்புறம் மழுங்கிய ஊசியால் அழுத்தினால் முன்புறம் ரிவெட் தலை எழும். பக்கவாட்டுக் கம்பிகளுக்கு அரை மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைப் பற்றவைத்தேன். உண்மையில் அது 12 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி. சிலிண்டருக்கு ஒரு மூலவடிவைச் செய்து, துளையிடும் கருவியில் பொருத்திச் சுழற்றி உப்புத்தாளால் தேய்த்து, சிலிக்கோன் அச்செடுத்து, ரெசின் ஊற்றி 40 படிகள் எடுத்தேன். அவற்றில் 11 காற்றுக்குமிழியால் வீணாயின.

பின்புறத்திற்கு அப்பாவின் நினைவைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. ஞாயிறுதோறும் தொலைபேசியில் கேட்டேன். பின்கதவின் கொக்கி எத்தனை சாண்? ஸ்டெப்னி எங்கே தொங்கும்? வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரத்தில் ஸ்டெப்னி என்னும் தெருவின் பெயரால் 1904இல் தோன்றிய மாற்றுச் சக்கரம், தன் சொந்த நாட்டில் சொல்லாக நிலைக்காமல் நம் கிளீனர்களின் வாயில் உயிரோடிருக்கிறது என்று நான் ஒருமுறை விளக்கினேன். “தெருப் பேரா அது!” என்று அப்பா சிரித்தார். பள்ளிப் படிவங்களில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் ‘தனியார் பணி’ என்றே எழுதிவந்தவள் நான். அவருடைய வேலையைப் பற்றி அவரிடம் நான் கேள்வி கேட்டது இதுவே முதன்முறை.

மாதிரியுருவுக்கு ஒரு நாள் வேண்டும். இதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். சிலிண்டரின் கழுத்துப் பட்டையின் உட்புறத்தில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கங்களும் இருக்கும். அடுத்த சோதனை எப்போது என்பதன் குறி. ஏ என்றால் சனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஏப்ரல் முதல் சூன் வரை; இவ்வாறே சி, டி. எழுத்தைத் தொடர்வது ஆண்டு. வண்டி எந்த நாளுக்கு உரியது என்று முடிவு செய்யாமல் அந்த எழுத்தைத் தீட்ட முடியாது. பத்தாண்டு வண்டியின் எல்லா நாள்களையும் ஒரே உருவில் வைக்க இயலாது. மொழியை ஒரு காலத்தின் வெட்டுமுகமாகப் பார்ப்பது, காலவோட்டத்தில் பார்ப்பது என்று சொசூரின் பெயரைச் சொல்லி முதுகலை முதலாண்டில் மனப்பாடம் செய்தது, ஒரு தூரிகை நுனியில் வந்து நின்றது.

நான் 2013ஐத் தேர்ந்தேன். காரணம் எளிது: அந்தப் படத்தில் வண்டிக்கு வயதாகியிருந்தது. தார்ப்பாயில் ஒட்டு, மட்கார்டில் துரு, இடப்பக்கக் கதவில் கையகல ஒடுக்கு. இக்கலையில் ஈடுபடுவோர் விரும்புவது இத்தகைய பழுதையே. கதவின் வெளித்தகட்டை உணவுப் பெட்டியின் அலுமினியத் தாளால் செய்து, தூரிகைக் காம்பின் உருண்ட முனையால் அழுத்தி அந்த ஒடுக்கைக் கொண்டுவந்தேன். நான்காம் முயற்சியில் ஒளி விழும் விதம்கூடப் படத்தோடு ஒத்துப்போயிற்று. பெருமிதத்தோடு அப்பாவுக்குப் படம் அனுப்பினேன்.

இரண்டு நாள் விடை இல்லை. பிறகு அவரே அழைத்தார்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்குது கண்ணு. அந்த ஒடுக்கு மட்டும் வேண்டாமே.”

“படத்துல இருக்குதுங்கப்பா.”

“இருந்துச்சு. இல்லைன்னா சொல்றேன்? பதிமூணு வருஷம் ஓட்டுனதுல அது ஒண்ணுதான் நடந்துச்சு. அதையே புடிச்சு வெச்சிருக்கியே.”

இரவு நேரம், குறுகிய சந்து, பின்னால் எடுக்கும்போது மின்கம்பம். யாருக்கும் அடியில்லை. செலவு முழுவதும் மூன்று தவணைகளில் அவர் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அந்த ஆண்டு என் பள்ளிக் கட்டணம் தாமதமாகி நான் வீட்டில் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தது நினைவிருக்கிறது. காரணத்தை இப்போதுதான் அறிந்தேன்.

இங்கே ஆய்வேட்டுப் பக்கத்துக்கு வர வேண்டும். புனேயின் பழைய தமிழ்க் குடியிருப்பு ஒன்றில் நான் ஒலிப்பதிவு செய்த மூதாட்டி ஒருவர், தம் பதிவு ஒன்றை நீக்கிவிடுமாறு பேரன் வழியாகப் பிப்ரவரியில் சொல்லியனுப்பியிருந்தார். என் மூன்றாம் இயலின் வாதம் அந்தப் பதிவின் வாக்கியங்களைத்தான் நம்பியிருந்தது. ஒப்புதல் படிவத்தில் அவர் கையொப்பம் இருக்கிறது, பெயரை மாற்றிவிட்டேன், ஆய்வுக்கு வேண்டியது இலக்கணமேயன்றிக் கதையன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காலம் கடத்தினேன். நூறு வீடுகள் உள்ள குடியிருப்பில் பெயரை மாற்றினால் எதுவும் மறையாது என்பதை நான் அறியாதவளல்லள். எனக்கு அரிய தரவாகத் தெரிந்தது அவருக்கு எதுவாக இருந்தது என்று மட்டும் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்பாவிடம் நான் எந்தப் படிவத்திலும் கையொப்பம் வாங்கவில்லை. ஆகவே ஒளிந்துகொள்ள இடமும் இல்லை.

உண்மையை மறைக்கலாமா என்று நண்பர் ஒருவர் வினவினார். நியாயமான வினா. ஒடுக்கை மட்டும் எடுத்துவிட்டு ‘இது 2013’ என்றால் அது பொய். ஆனால் 2006ஆம் ஆண்டு வண்டியைச் செய்வது பொய்யன்று. அதற்கு விலை உண்டு: துருவை நீக்க வேண்டும், தார்ப்பாயைப் புதிதாக்க வேண்டும், சிலிண்டர்க் குறிகள் அனைத்தையும் மீண்டும் தீட்ட வேண்டும். ஆய்வேட்டுக்கும் அதே விதிதான். பதிவை நீக்கிவிட்டு அதன்மேல் எழுந்த முடிவை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. ஒலிக்கோப்பையும் அதன் எழுத்துப்படியையும் அழித்தேன். இயலின் முடிபைக் கருதுகோளாகக் குறைத்து எழுதினேன். நெறியாளர் படித்துவிட்டு, புதிய களப்பணிக்கு நான்கு மாதம் ஆகும் என்றார். ஆகட்டும்.

மேசையின் மறுபாதியில் புதுக் கதவு காய்ந்துகொண்டிருக்கிறது. தட்டையான கதவு, ஒடுக்கோடு செய்ததைவிட இது எளிது, பார்ப்போர் வியக்க எதுவும் இல்லை. ஆயுதபூசைச் சந்தனப் பொட்டை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். அப்பா ஐந்து இடங்களைச் சொன்னார். படத்தில் மூன்றுதான் தெரிகின்றன. ஐந்தையும் வைத்துவிட்டேன்.

இப்பதிவை எழுதலாமா என்றும் அவரிடம் கேட்டேன். “எழுதிக்க கண்ணு. வண்டியிலதான் வேண்டாம்,” என்றார்.