குடம் நிறையும் ஓசை

கடல் கடந்த மடல் – கொலோன், ஜெர்மனி

போன சனிக்கிழமை மேல்மாடிப் பையன் வந்து கதவைத் தட்டினான். பதினோராம் வகுப்பு படிக்கிறான். சாயங்காலம் ஒரு மணி நேரம் நடுவராக உட்கார முடியுமா என்று கேட்டான். இளம் இயற்பியலாளர் போட்டிக்காக அவனும் வகுப்புத் தோழி ஒருத்தியும் ஒத்திகை பார்க்கிறார்களாம். ஜெர்மனிக்கான இறுதிச் சுற்று பான் நகருக்குத் தெற்கே, ரைன் கரையில் உள்ள பாட் ஹொனெஃப் என்ற சிற்றூரில் நடக்கும். இந்நாட்டு இயற்பியல் கழகத்தின் மாளிகை அங்கேதான் இருக்கிறது.

ஒத்திகைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது, 2019இல் வார்சாவில் நடந்த உலகப் போட்டியின் பழைய கேள்வி. ஒரு புட்டிக்குள் தண்ணீர் செங்குத்தாக விழும்போது ஓசை எழுகிறது, புட்டி நிறைய நிறைய அந்த ஓசை மாறுகிறது, ஆராய்க. கேள்வியின் சாரம் இவ்வளவுதான். கேட்டதும் எனக்குத் தெருக்குழாயடி ஞாபகம் வந்துவிட்டது. அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டே, "குடம் நிறைஞ்சிருச்சு, குழாயை மூடு" என்று குரல் கொடுக்காத அம்மா நம் ஊரில் உண்டா? எட்டிப் பார்க்கத் தேவையே இல்லை. சுருதி ஏறுவதைக் காது சொல்லிவிடும்.

இந்தப் போட்டி மாஸ்கோவில் பிறந்தது. 1988இல் உலகப் போட்டியானது. ஆண்டுக்கு 17 கேள்விகள். பல மாதங்களுக்கு முன்பே வெளியிட்டுவிடுகிறார்கள், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எதற்கும் கைடில் விடை கிடையாது. அதே 2019இல், மெல்லிய சோயா சாஸ் படலத்தில் லேசர் ஒளியைப் பாய்ச்சினால் என்ன ஆகும் என்றுகூடக் கேட்டிருந்தார்கள். ஐந்து பேர் கொண்ட அணிகள் மாதக்கணக்கில் சோதனை செய்துவிட்டு மேடைக்கு வருகின்றன.

பையன் 12 நிமிடம் பேசினான். நேரான கண்ணாடிக் குழாயில் கணக்கு எளிது: காற்றுத்தூண் 20 செ.மீ. இருந்தால் சுமார் 430 ஹெர்ட்ஸ், அது பாதியானால் சுருதி இரண்டு மடங்கு. கழுத்துள்ள புட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தவில்லை. உள்ளே மிச்சமிருக்கும் காற்று ஒரு சுருள்வில்லாகவும், கழுத்தில் உள்ள காற்று அதில் மாட்டிய எடையாகவும் சேர்ந்து அதிர்கின்றன. காற்றின் கன அளவு நாலில் ஒன்றாகக் குறைந்தால்தான் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும் என்று காட்டினான். நம் குடத்துக்கும் கழுத்து உண்டு என்று சொல்லத் துடித்தேன். நடுவர் இடையில் பேசக் கூடாதாம்.

அடுத்து அந்தப் பெண் எழுந்தாள். இங்கே போட்டியின் ஒரு விதியை நான் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஒருவர் ஆய்வை முன்வைத்ததும் வேறு அணியிலிருந்து ஒருவர் எதிராளியாக வருவார். அவரும் அதே கேள்வியை மாதக்கணக்கில் ஆராய்ந்திருப்பார். அவரிடம் இதைவிட நல்ல வரைபடம்கூட இருக்கலாம். ஆனால் அதைக் காட்டக் கூடாது. தன் தீர்வை எடுத்துவிடக் கூடாது. முன்னால் நிற்பவரின் ஆய்வில் எது வலு, எது ஓட்டை என்று அதற்குள்ளேயே நின்று கேட்க வேண்டும். மூன்றாவதாக ஒருவர் வந்து இருவரையும் எடைபோடுவார். ஆய்வைச் சொன்னவரின் மதிப்பெண்ணை மூன்றாலும், எதிராளியின் மதிப்பெண்ணை இரண்டாலும், மூன்றாமவருடையதை ஒன்றாலும் பெருக்குவார்கள். நன்றாகக் கேள்வி கேட்பதற்கு இரட்டிப்பு மதிப்பெண்! இதை எழுதும்போதே நெஞ்சு நிறைகிறது.

"உன் ஒலி வரைபடத்தில் மேலே 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பட்டை நகராமலே நிற்கிறதே, அது என்ன?" என்று கேட்டாள்.

"தண்ணீர் விழும் இடத்தில் உண்டாகும் குமிழிகள். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி ஏறக்குறைய அந்தச் சுருதியில் ஒலிக்கும்."

"குமிழியை அளந்தாயா?"

"இல்லை."

"அப்படியானால் அது குமிழிதான் என்று எப்படிச் சொல்கிறாய்?"

பையன் முகம் சுண்டவில்லை. நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டான்.

நம் பிளஸ் டூ செய்முறை வகுப்பை நினைத்தால் வயிறு எரிகிறது. மீட்டர் பிரிட்ஜ், ஸ்பெக்ட்ரோமீட்டர், ஜீனர் டையோடு. எல்லாமே விடை முன்பே தெரிந்த சோதனைகள். பாடநூல் மதிப்புக்குப் பக்கத்தில் வந்தால் மார்க்கு. அதனால் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதப் பிள்ளைகளை நாமே பழக்குகிறோம். பழுப்பு அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டில் இடப்பக்கம் பென்சில் படம் கோணாமல் இருந்தால் போதும். அளவீடு ஏன் தள்ளிப்போனது என்று கேட்கும் பிள்ளைக்கு அங்கே ஒரு மார்க்கும் இல்லை. ஜெர்மனியிலும் எல்லாப் பள்ளியிலும் இந்தப் போட்டியைப் போல நடப்பதில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும், நான் கண்டதை எழுதுகிறேன்.

நமக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், மிருதங்கமும் தபலாவும் ஏன் மற்றத் தோல் வாத்தியங்களைப் போல வெறும் சத்தமாக இல்லாமல் சுருதியோடு பேசுகின்றன என்று கேட்டார். நடுவில் பூசிய கறுப்புக் கரணைதான் தோலின் அதிர்வுகளை ஒழுங்குபடுத்துகிறது என்று 1920இல் நேச்சர் இதழில் எழுதினார். கச்சேரி மேடையில் கிடந்த கேள்வி அது. அப்படிக் கேட்டவர் பிறந்த மண்ணில்தான் பிள்ளைகள் ரெக்கார்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கோவில்பட்டிப் பக்கம் இயற்பியல் நடத்தும் நண்பருக்கு அன்றிரவே எழுதினேன். இங்கே கொலோனுக்குப் பக்கத்து ஊரான ஆகனில் உள்ள பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைபாக்ஸ் என்ற செயலி இலவசம். செல்பேசியே ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டிவிடும். ஒரு பித்தளைக் குடம், அதே அளவில் ஒரு பிளாஸ்டிக் குடம், ஒரு குழாய். இரண்டும் ஒரே சுருதியில் ஏறுகின்றனவா? வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை ஆராயவும், மறு பாதியைக் கேள்வி கேட்கவும் விடச் சொன்னேன். காலாண்டுத் தேர்வு முடியட்டும், செய்கிறேன் என்று பதில் வந்திருக்கிறது.