தாயில்லாக் குஞ்சுகளின் முதல் மூன்று வாரம்

ஆரணிப் பக்கம் பிறக்கும் வாத்துக் குஞ்சு தன் தாயைப் பார்ப்பதே இல்லை. முட்டையிட்ட வாத்து ஆந்திரத்திலோ தஞ்சைப் பக்கமோ அறுத்த கழனியில் மேய்ந்துகொண்டிருக்கும். குஞ்சு இங்கே பொரிப்பகத்துத் தட்டில் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். வாத்துத் தொழிலில் பெரும்பாலான குஞ்சுகள் அப்படித்தான். முட்டைக்காக வளர்க்கும் வாத்துகள் அடை உட்காரும் வழக்கத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்டன. அடை உட்கார்ந்தால் முட்டை நின்றுவிடும். அதனால் உட்காராத வாத்தையே மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். முட்டை மந்தைகளில் அடை உட்காரத் தெரிந்த வாத்து இன்று அபூர்வம்.

அப்படியானால் தாய் செய்ய வேண்டிய வேலையை யார் செய்கிறார்கள்? அதைப் பார்க்கத்தான் மார்கழியில் ஆரணிக்குப் போனேன். வாத்து என்றதும் எல்லோரும் எழுதுவது மேய்ப்பவர்களைப் பற்றி: கையில் நீளக் கழி, முன்னால் ஆயிரம் வாத்து, மாநில எல்லைகளைத் தாண்டும் நடை. அந்த நடைக்கு முன்னால் கூரைக்கடியில் கழியும் மூன்று வாரத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதியதில்லை. அதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பொரிப்பகத்தில் எனக்கு அதிக வேலை இருக்கவில்லை. சூடு 37.5 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும், முட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், கடைசி நாட்களில் ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும். 28 நாளில் குஞ்சு வரும். கோழி முட்டைக்கு 21 நாள்தான். முன்பெல்லாம் இந்த ஊர்களில் அடைக்கோழியின் அடியில்தான் வாத்து முட்டையை வைப்பார்கள். தன் கணக்குக்கு மேலே ஒரு வாரம் அந்தக் கோழி பொறுமையாக உட்கார்ந்திருக்கும். இப்போது அந்த இடத்தை இயந்திரம் எடுத்துக்கொண்டது. முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக் கூமுட்டையைக் கழிப்பது மட்டும் இன்னும் கண்ணும் கையும் செய்கிற வேலை.

பொரிந்த குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் அடுக்கி, மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர் கிளம்பினார். அவர் பின்னாலேயே போனேன். இந்தப் பயணத்தில் குஞ்சுக்குத் தீனி தேவையில்லை. பொரிவதற்குச் சற்று முன்னால் மஞ்சள் கருவின் மிச்சத்தை அது தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. கிட்டத்தட்ட இரண்டு நாள் அதை வைத்தே தாங்கும். தாய் வாத்து எல்லாக் குஞ்சும் பொரியும் வரை கூட்டை விட்டு நகராமல் இருக்க இயற்கை கொடுத்த அவகாசம் அது. அந்த அவகாசத்தில்தான் இன்று குஞ்சு வியாபாரமே நடக்கிறது.

பெட்டி போய் இறங்கிய இடம் ஏரிக்கரை ஓரம் தார்ப்பாய் போட்ட ஒரு கொட்டாய். மூங்கில் படலை வட்டமாக வளைத்துக் கட்டி, உள்ளே உமி பரப்பி, மேலே சாக்கு விரித்திருந்தார்கள். மூலை இல்லாமல் வட்டமாக வைத்ததற்குக் காரணம் உண்டு: மூலை இருந்தால் குஞ்சுகள் அதில் போய் நெருக்கிக்கொண்டு சாகும். சாக்கு விரித்ததற்கும் காரணம் உண்டு. செய்தித்தாள் போட்டால் வழுக்கும். பிறந்த முதல் நாட்களில் வழுக்கினால் கால் இரண்டு பக்கமும் விரிந்து, அப்படியே ஊனமாக நின்றுவிடும். நடுவில் இரண்டு குண்டு பல்புகள் தொங்கின. மின்சாரம் போனால் கொளுத்த அரிக்கேன் விளக்கு ஒன்று கம்பத்தில் மாட்டியிருந்தது.

பெட்டியைத் திறந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். எல்லாரும் அவரை ஆயா என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் முதலில் செய்த காரியம் என் மனசில் நின்றுவிட்டது. குஞ்சுகளை மொத்தமாகக் கொட்டவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, அலகின் நுனியை ஒரு தட்டுத் தண்ணீரில் தொட்டு, அது ஒரு தரம் விழுங்குவதைப் பார்த்த பிறகுதான் சாக்கில் விட்டார். ஒன்றுக்கு நான்கைந்து நொடி ஆகும். ஐந்நூறு குஞ்சும் தண்ணீர் குடித்து முடிக்க நெடுநேரம் ஆனது. கை நிற்கவே இல்லை.

“தண்ணி எங்க கெடக்குதுன்னு சொல்லிக் குடுக்க அதுக்கு யாரு இருக்காங்க தம்பி? ஒரு வாட்டி காட்டிட்டா போதும். அப்புறம் அதுவே போயிடும்” என்றார்.

தண்ணீர்த் தட்டுக்குள் கூழாங்கற்களைப் போட்டு வைத்திருந்தார். அலகு முழுக்க மூழ்கும் ஆழம் வேண்டும். மூக்குத் துவாரத்தையும் கண்ணையும் குஞ்சு அதில்தான் கழுவிக்கொள்ளும். ஆனால் உடம்பு இறங்கிவிடக் கூடாது. வாத்துக் குஞ்சு தண்ணீரில் சாகுமா என்று பலர் சிரிப்பார்கள். சாகும். தாயின் அடியில் வளரும் குஞ்சு நனைந்தால் அவள் இறக்கைக்குள் நுழைந்து உலர்ந்துகொள்ளும். இங்கே பொரிந்த குஞ்சு நனைந்தால் நனைந்ததுதான். பனி இறங்கும் ராத்திரியில் அது விடியலைப் பார்க்காது. அதனால் முதல் வாரம் குளிப்பு கிடையாது. இரண்டாம் வாரத்தில், வெயில் ஏறிய பிறகு, கணுக்கால் அளவுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் விட்டு, உடனே வெயிலில் உலர்த்தி எடுக்கிறார்கள்.

சூட்டுக்கு ஆயாவிடம் வெப்பமானி எதுவும் இல்லை. புத்தகக் கணக்குப்படி முதல் வாரம் 32 டிகிரியில் தொடங்கி, வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அவர் குஞ்சுகள் படுத்திருக்கும் விதத்தைப் பார்க்கிறார். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர். படல் ஓரம் ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு. சீராகப் பரவிப் படுத்தால் சரி. பல்புக் கயிற்றை ஒரு சாண் ஏற்றுவதும் இறக்குவதும் அதை வைத்துத்தான்.

அதற்கும் மேலே அவர் நம்புவது காதை. “சின்னதா முனகிக்கினு இருந்தா ஒண்ணும் இல்ல. கிய்யி கிய்யின்னு உச்சத்துல கத்துனா குளுரு, இல்லன்னா பயம். திடீர்னு சத்தமே இல்லன்னா எலி வந்துருக்குது.” இதைச் சொல்லும்போதும் அவர் கண் படலுக்குள்ளேயே இருந்தது. பேச்சின் நடுவில் குனிந்து, மல்லாந்து காலை உதைத்துக்கொண்டிருந்த ஒரு குஞ்சைத் திருப்பி விட்டார். மல்லாந்த குஞ்சால் பல நேரம் தானாக எழ முடியாது. கவனிக்காவிட்டால் அப்படியே கிடந்து சாகும்.

ராத்திரி அந்தக் கொட்டாயிலேயே தங்கினேன். பனிக்காற்று தார்ப்பாயை அடித்துக்கொண்டே இருந்தது. நள்ளிரவுக்குப் பிறகு குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கும். அடியில் மாட்டியது மூச்சு முட்டிச் சாகும். அதற்காக ஆயாவும் அவர் மருமகளும் முறை வைத்து எழுந்தார்கள். எழுந்தவர் குவியலுக்குள் இரண்டு கையையும் விட்டு மெதுவாகப் பிரித்துப் பரத்துவார். அடியில் இருந்ததை வெளியே எடுத்து, அதன் காலைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். கால் சில்லென்றிருந்தால் அதை மடியில் போட்டுக்கொள்வார். மருமகளுக்குக் கைக்குழந்தை இருந்தது. ஒரு பக்கம் பிள்ளை, ஒரு பக்கம் குஞ்சு என்று அவர் அந்த ராத்திரியைக் கழித்தார்.

பல்பு இருக்கும்போது இவ்வளவு விழிக்க வேண்டுமா என்று கேட்டேன்.

“பல்பு சூடு குடுக்கும் தம்பி. ஒண்ணு மேல ஒண்ணு ஏறுனா அது வந்து எறக்கி வுடுமா?”

குஞ்சுகளைப் பிரிக்கும்போது அவர் நாக்கை அண்ணத்தில் தட்டித் தட்டி ஒரு சத்தம் எழுப்புவார். தீனி வைக்கும்போதும் அதே சத்தம். தண்ணீர் மாற்றும்போதும் அதே. நாலைந்து நாள் குஞ்சுகள் இருந்த பக்கத்துப் படலில் அவர் அந்தச் சத்தத்தைக் கொடுத்ததும் மொத்தக் குஞ்சும் அவர் சேலைக் கரையை நோக்கி ஓடி வந்தது. இதை அறிவியல் நன்றாகவே ஆராய்ந்திருக்கிறது. பொரிந்தவுடன் கண்ணெதிரே நகரும் உருவத்தைப் பறவைக் குஞ்சு தாயாக ஏற்றுக்கொள்வதை ஆஸ்திரியாவைச் சேர்ந்த கொன்ராட் லோரன்ஸ் வாத்துகளிடமும் பெருந்தாராக்களிடமும் பார்த்து 1935இல் விரிவாக எழுதினார். 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். அமெரிக்காவில் எக்கார்ட் ஹெஸ் வாத்துக் குஞ்சுகளை வைத்துச் சோதித்து, பொரிந்த 13 முதல் 16 மணி நேரத்துக்குள் இந்தப் பிடிப்பு மிக வலுவாக விழுகிறது என்றார். அங்கேயே கில்பர்ட் காட்லிப் இன்னும் ஒரு படி உள்ளே போனார்: முட்டைக்குள் இருக்கும்போதே தன் குரலையும் உடன்பிறப்புகளின் குரலையும் கேட்டு வளரும் குஞ்சுதான் பிறகு தாயின் அழைப்பைச் சரியாக அடையாளம் காண்கிறது.

ஆயாவுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. ஆனால் பெட்டி வந்த அன்றே அந்தச் சத்தத்தைத் தொடங்கிவிட வேண்டும், நாள் கடத்தினால் “சொல் பேச்சு கேக்காத மந்தையா பூடும்” என்பது அவருக்குத் தெரியும். பின்னால் அவர் மகன் கழியைத் தூக்கியதும் ஆயிரம் வாத்து சாலையைக் கடந்து ஒரே வரிசையாக இறங்குகிறதே, அந்தக் கட்டுப்பாடு இந்தப் படலுக்குள் போட்ட அஸ்திவாரம்.

தீனி விஷயத்தில் ஆயா காட்டிய கண்டிப்பு என்னை மேலும் வியக்க வைத்தது. முதல் இரண்டு மூன்று நாள் குழைய வேகவைத்த நொய். பிறகு அதில் தவிடும் கருவாட்டுத் தூளும் சேரும். எதுவும் காய்ந்த மாவாக வைக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஈரமாகப் பிசைந்து, தண்ணீர்த் தட்டுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். வாத்து ஒரு வாய் தின்று ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற பறவை. தவிட்டை ஏன் விடாமல் சேர்க்கிறீர்கள் என்றதற்கு, வெறும் நொய்யில் வளர்ந்தால் கால் வளைந்துவிடும் என்றார். வாத்துக் குஞ்சுக்கு நியாசின் என்ற உயிர்ச்சத்து கோழிக் குஞ்சைவிட அதிகம் வேண்டும். குறைந்தால் கால் வளையும். தீட்டிய அரிசியில் அது குறைவு, தவிட்டில் உண்டு.

ஆரணி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளையும் பூமி. புண்ணாக்குக்குப் பஞ்சமில்லை. இருந்தும் குஞ்சுப் படலுக்குள் புண்ணாக்கு வரவே கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். “பழசானா பூஞ்சை புடிக்கும். மாடு தாங்கும், பெரிய வாத்துகூட தாங்கும். குஞ்சு தாங்காது.” இந்த ஒரு வரியின் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன; வாத்துக் குஞ்சுகளும் செத்தன. தேடிப் போனபோது, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை உண்டாக்கிய நஞ்சு அகப்பட்டது. அதுதான் அஃப்ளாடாக்சின். ஈரலைத் தாக்கும் அந்த நஞ்சுக்கு வாத்துக் குஞ்சு அளவுக்கு மென்மையான உயிர் குறைவு. எனவே தீவனத்தில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க அந்தக் காலத்து ஆய்வுக்கூடங்கள் ஒரு நாள் வயதான வாத்துக் குஞ்சையே பயன்படுத்தின. ஆய்வுக்கூடம் குஞ்சுகளைக் கொன்று கற்றதை, இந்தக் குடும்பம் குஞ்சுகளைப் பறிகொடுத்துக் கற்றிருக்கிறது.

மூன்று வாரம் தாண்டினால் பல்பு வேண்டாம். ஏழெட்டு வாரத்தில் இறகு முளைத்து நிரம்பிவிடும். வாத்துக் கொள்ளைநோய்க்குத் தடுப்பூசியும் அந்த வயதை ஒட்டியே போடப்படுகிறது. ஐந்தாறு மாதத்தில் முட்டை. அந்த முட்டையில் பெரும்பங்கு கேரளத்துக்குப் போகிறது. 2014இல் குட்டநாட்டில் பறவைக் காய்ச்சல் வந்தபோது அங்கே வாத்துகள் கூட்டம் கூட்டமாக அழிக்கப்பட்டன. அப்படி ஒரு செய்தி வந்தாலே இங்கே முட்டை விலை படுத்துவிடும்.

விலை படுத்தால் யார் தலையில் விழும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆயா வளர்த்த குஞ்சுகள் ஆயாவுடையவை அல்ல. மந்தைக்காரர் ஒருவர் முன்பணம் கொடுத்திருக்கிறார். குஞ்சும் தீனியும் அவருடையது. முட்டை விழ ஆரம்பித்த பிறகுதான் கணக்குப் பார்ப்பார்கள். செத்த குஞ்சு அந்தக் கணக்கில் இவர்கள் பக்கம் கழிவாக ஏறும். ராத்திரி விழித்ததற்கு அதில் ஒரு வரி கிடையாது. “அது வீட்டு வேலதானே” என்று ஆயாவே சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. மந்தை முழுவதும் உயிரோடு நிற்பது அந்த வீட்டு வேலையால்.

முன்பணம் என்ற இந்தக் கயிறு எங்கே போய் முடியும் என்பது வடமாவட்டங்களில் எல்லாருக்கும் தெரியும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் வாத்து மேய்ப்பிலிருந்து இருளர் குடும்பங்களும் சிறுவர்களும் மீட்கப்பட்ட செய்திகள் நின்றபாடில்லை. நான் போன வீட்டில் அந்த நிலை இல்லை. ஆயாவின் பேரன் பள்ளிக்கூடம் போகிறான். ஆனால் கடன் ஏற ஏற, கழியை எடுக்கப் பெரியவர்கள் போதாமல், பிள்ளைகள் கையில் கழி போகிறது. குஞ்சுச் சாவைத் தொழிலாளி கடனில் எழுதும் வழக்கம் அதற்கு ஒரு வாசல்.

மந்தைக்காரர்களுக்கும், இத்தொழிலை மேற்பார்க்க வேண்டிய அதிகாரிகளுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். குஞ்சு வளர்ப்பை மேய்ப்புக் கூலியோடு சேர்க்காமல் தனி வேலையாக எழுதுங்கள். முதல் மூன்று வாரச் சாவைக் குடும்பத்தின் தலையில் ஏற்றாதீர்கள். அந்த வேலைக்கான கூலியை முட்டை விழும் வரை நிறுத்தி வைக்காமல், மூன்றாம் வாரம் முடிந்த அன்றே, விழித்திருந்த பெண்ணின் கையிலேயே கொடுங்கள்.