யாருக்குத் தோதான நேரம்?

டெல்லி மெட்ரோவில் பயண அட்டைக்கு எப்போதும் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. நெரிசல் இல்லாத நேரத்தில் போனால், 2017 முதல், இன்னொரு 10 சதவீதம். காலை 8 மணி வரை, பகல் 12 முதல் 5 வரை, இரவு 9க்குப் பிறகு என்று அதற்கு மூன்று பொழுதுகள். அவசரமில்லாதவர்கள் நேரம் மாறிப் போனால் கூட்டம் குறையும் என்பது கணக்கு. கம்பத்திலிருந்து டெல்லிக்குப் படிக்கப் போன எனக்கு இந்த மூன்றும் மனப்பாடம். அப்போது 40 ரூபாயாக இருந்த பயணத்தில் 4 ரூபாய் மிச்சம். போகவர 8 ரூபாய் என்பது மாணவிக்குச் சின்னக் காசு இல்லை.

ஆனால் நேரத்தை மாற்றிக்கொள்ள யாரால் முடியும்?

காலை 8 மணிக்குள் ரயிலேற, வீட்டில் வேறு யாராவது அடுப்பைப் பார்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவழிக்கிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். அந்தச் சலுகையைப் பற்றி அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். அம்மா கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவள். நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி, தூக்குவாளியோடு விடியும் முன்பே ரோட்டில் நிற்க வேண்டும். "வண்டி நம்ம நேரத்துக்கா வருது தாயி? அது நேரத்துக்குத்தான நாம ஓடுறோம்" என்றாள்.

பகல் பொழுதில் பெண்கள் பெட்டியில் உட்கார இடம் கிடைக்கும். அப்போது வருகிறவர்கள் ஓய்வாக வருகிறவர்கள் அல்ல. ஒரு வீட்டில் பாத்திரம் கழுவிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு மாமியாரைக் கூட்டிப் போகிறவர்கள், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைக்கப் போகிறவர்கள். நெரிசல் ரயிலில்தான் இல்லை.

மூன்றாவது பொழுது எனக்குக் கிடைக்கவே இல்லை. என் விடுதியின் கதவு இரவு 9 மணிக்குப் பூட்டப்படும். 2015இல் டெல்லி மாணவிகள் 'பிஞ்ச்ரா தோட்' (கூண்டை உடை) இயக்கத்தைத் தொடங்கியது இப்படிப்பட்ட பூட்டுகளுக்கு எதிராகத்தான். கதவு திறக்காதவளுக்கு 9 மணிக்கு மேல் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தால் என்ன?

2019 ஜூனில் டெல்லி அரசு மெட்ரோவிலும் பேருந்திலும் பெண்களுக்கு இலவசம் என்று அறிவித்தது. மெட்ரோவில் அது நடக்கவில்லை; பேருந்தில் மட்டும் அக்டோபர் 29இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இந்தச் சலுகை மணி பார்ப்பதில்லை. விடிகாலை உழவர் சந்தைக்குக் கீரைக்கட்டோடு போகிறவளுக்கும், உச்சி வெயிலில் தேனி ஆஸ்பத்திரிக்குப் போகிறவளுக்கும் ஒரே சீட்டு. ஊருக்கு வரும்போது பார்க்கிறேன், என் மதினி இப்போது மருந்து வாங்கக் காசு கேட்டு அண்ணன் முகத்தைப் பார்த்து நிற்பதில்லை. பேருந்துக் கூலி அதில் சேர்வதில்லை.

இலவசம் மட்டும் போதாது. கூட்டம் குறையும் பகலில் வண்டிகளும் குறைந்தால், மிச்சமான காசுக்குப் பதில் நிழலில்லாத நிறுத்தத்தில் நம் நேரம்தான் போகும். பெண்களுக்குச் சலுகை என்று யாராவது சொன்னால், எவ்வளவு என்பதோடு எந்த நேரத்தில், எத்தனை வண்டி, எதுவரை போகும் என்றும் கேட்க வேண்டும். அடுப்படி 299 நிமிடத்தைப் பங்குபோட வீட்டில் யார் வருகிறார்கள் என்பதையும் சேர்த்தே கேட்கலாம்.