எங்கே சுருக்குவது என்பது வாத்தியாருக்குத் தெரியும்

திருக்கழுக்குன்றம் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கிறது அந்தக் கிராமம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்திருந்தார்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. அன்றைக்கு அர்ச்சுனன் தபசு. களத்தின் ஓரத்தில் ஏறுவதற்குக் கட்டைகள் அடித்த பனைமரம் ஒன்றை நட்டிருந்தார்கள்.

வேஷம் கட்டும் கொட்டகைக்குள் உட்கார இடம் கொடுத்தார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கல்யாண முருங்கையில் செதுக்கியவை. அந்த மரம் எடை குறைந்தது. விடிய விடியச் சுமந்து ஆட அதுதான் தோது. மேலே ஜிகினாத் தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டியிருந்தன. அர்ச்சுனன் தன் முகத்தைத் தானே எழுதிக்கொண்டார். பிறகு ஒரு பையன் முதுகில் முழங்காலை ஊன்றிக் கயிற்றை இழுத்துக் கட்டினான். வலிக்காதா என்று கேட்டேன். “கட்டு தளர்ந்தா ஆட்டம் தளர்ந்துடும் சார்” என்றார். பகலில் அவர் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையின் காவலாளி.

இந்த வட்டாரத்துக்கு இரவு வாழ்க்கை கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளோடு வந்ததல்ல. ஊரே பாயோடு வந்து உட்கார்ந்து விடியும்வரை விழித்திருக்கும் இடம் கூத்துக் களம்தான். அது மாறாமலும் இருந்ததில்லை. தீவட்டி போய்ப் பெட்ரோமாக்ஸ் வந்தது, அதுவும் போய் இப்போது எல்இடி. தலைக்கு மேல் மைக் தொங்க ஆரம்பித்ததும், களம் முழுக்கச் சுழன்று பாடியவர்கள் அதற்கடியில் வந்து நின்று பாடப் பழகினார்கள். கூத்துக் குழுவான ஜமாவின் கைபேசி எண்ணைத் தாங்கிய யூடியூப் காணொளியைப் பார்த்து அச்சாரம் கொடுக்க வருகிறார்கள்.

சட்டமும் நெருக்குகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை வெட்டவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக, ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு தளர்வு தரலாம். கூத்தோ பத்து மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும்.

அன்று பன்னிரண்டு அடித்ததும் மைக்கை நிறுத்தினார்கள். “எல்லாரும் கிட்ட வந்து உட்காருங்கம்மா” என்று ஜமாவின் வாத்தியார் கூப்பிட்டார். கூட்டம் களத்தை நெருங்கியது. நடிகர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கி ஓங்கிப் பாடினார்கள். கடைசி வரிசைவரை பாட்டைக் கொண்டுசேர்க்கத்தான் பின்பாட்டு என்பது அப்போது காதுக்கே விளங்கியது. மைக் மறைத்துவைத்திருந்த முகவீணையின் நுணுக்கமும் கேட்டது.

இரண்டு மணிக்குச் சிலர் எழுந்தார்கள். ஆர்மோனியத்தில் இருந்த வாத்தியார் விரலை அசைத்தார். இரண்டு விருத்தங்கள் வெட்டுப்பட்டன. கோமாளியான கட்டியக்காரன் உள்ளே வந்தான். நூறு நாள் வேலையையும் செல்போனையும் வைத்து அவன் பேசப் பேச, எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். “எங்க வெட்டணும்னு ஆடுறவனுக்குத்தான் தெரியும் சார்” என்றார் வாத்தியார் பிறகு.

கிழக்கு வெளுக்கையில் அர்ச்சுனன் அணிந்திருந்த கட்டைகளைக் கழற்றித் தவக்கோலம் பூண்டு, பாடிக்கொண்டே மரமேறினார். குழந்தை வரம் வேண்டிய பெண்கள் ஈரப் புடவையோடு மரத்தடியில் கிடந்தார்கள். மேலிருந்து எலுமிச்சம்பழம் விழுந்தது, மடியில் ஏந்தினார்கள். மாமல்லபுரத்துப் பாறையில் ஒற்றைக் காலில் நிற்கும் தவசியை அர்ச்சுனன் என்றும் பகீரதன் என்றும் அறிஞர்கள் வாதிடுகிறார்கள். இந்த ஊர்களில் அர்ச்சுனன் இன்னமும் தவம் செய்துகொண்டிருக்கிறான். இந்தக் காட்சியை ஒரு மணி நேர நிகழ்ச்சிக்குள் அடைக்க முடியாது.

அதற்காகக் குறுங்கூத்து கூடாது என்று சொல்லவில்லை. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில், 1990-இல் உருவான கட்டைக்கூத்துச் சங்கம் இரவு முழுக்க ஆடும் கூத்தையும் மேடைக்கான குறுகிய ஆக்கங்களையும் சேர்த்தே வளர்த்தது. 2002 முதல் 2020 வரை அது நடத்திய குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். அந்த மாற்றங்களைச் செய்தவர்கள் கூத்தை அறிந்தவர்கள்.

சுற்றுலா விழாக்காரர்களும் விடுதிக்காரர்களும் ஒரு மணி நேரக் கூத்து கேட்கட்டும். எந்தக் கதை, எதை விடுவது என்பதை வாத்தியார் முடிவு செய்யட்டும். நேரம் குறைந்ததென்று கூலியைக் குறைக்கவும் கூடாது. ஒரு மணி நேரம் ஆடினாலும் முகம் எழுதுகிற நேரமும் வண்டி வாடகையும் குறைவதில்லை. இழந்த ஒரு நாள் கூலியும் அதேதான்.