60 நொடிக் கெடு

2003 ஆகஸ்ட் 11. விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் திடீரென ஒரு சிறு பெட்டி தோன்றி, 60இலிருந்து நொடி நொடியாக எண்ணிக் குறைத்தது. பூஜ்யம் வந்ததும் கணினி அணைந்து மறுபடி எழுந்தது. சேமிக்காத வேலையெல்லாம் போயே போயிற்று.

பிளாஸ்டர் என்ற கணினிப் புழு அது. யாரும் எந்த மின்னஞ்சலையும் திறக்கவில்லை, எதையும் கிளிக் செய்யவில்லை. இணையத்தில் இருந்ததே போதுமாக இருந்தது. 135ஆம் போர்ட் வழியே நுழைந்து, தன் கோப்பைச் சிஸ்டம்32 ஃபோல்டரில் வைத்துவிட்டு, அங்கிருந்தே அடுத்த இரையைத் தேடியது. புழு நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் ஜூலை 16 அன்றே வெளியிட்டிருந்தது என்பதுதான் வேதனை.

புழுவை நீக்குவதில் வரிசை முக்கியமாக இருந்தது. முதலில் நெட் கேபிளைப் பிடுங்க வேண்டியிருந்தது. பிறகு டாஸ்க் மேனேஜரில் புழுவை நிறுத்தி, அதன் கோப்பையும் ரெஜிஸ்ட்ரி பதிவையும் அழிக்க வேண்டியிருந்தது. பேட்ச் போடாமல் கேபிளைச் செருகியவர்களின் திரையில் மறுபடியும் அதே பெட்டி!