காட்டினேன், கேட்கவில்லை

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். என் காணொளிகளைப் பார்த்த மாணவர்களுக்குப் பாடம் புரியவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பல பருவங்களுக்கு அதே காணொளிகளை ஓட்டினேன். புரியவில்லை என்பது வெளியே தெரியாமலும் பார்த்துக்கொண்டேன்.

2020இல் ஊரடங்கு வந்தபோது மற்றவர்களைப் போல நானும் கைப்பேசியை நிறுத்திவைத்துப் பாடம் எடுக்கத் தொடங்கினேன். போகப்போகக் கை பழகியது. நியூட்டன் விதிகள், எறிபொருள் இயக்கம், மின்சுற்று என ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு சிறு காணொளி செய்தேன். இடையிடையே கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்களையும் சேர்த்தேன். "ரொம்பத் தெளிவா இருக்கு சார்" என்றார்கள் மாணவர்கள். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. கல்லூரி திறந்த பிறகும் அவற்றையே வகுப்புத் திரையில் போட்டேன்.

செய்முறைத் தேர்வின் வைவாவில் ஒரு கேள்வி கேட்டேன். செங்குத்தாக மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும் கணத்தில் அதன்மேல் செயல்படும் விசை என்ன? காற்றின் தடையை விட்டுவிட்டால் புவியீர்ப்பு மட்டும்தான். பந்து ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் முடுக்கம் அதே 9.8 மீ/வி², கீழ்நோக்கி. பலர் "சுழி" என்றார்கள். எறிந்த விசையும் ஈர்ப்பும் அங்கே சமமாகிவிடும் என்று சிலர் விளக்கமும் சொன்னார்கள். என் காணொளியில் கீழ்நோக்கிய அம்புக்குறி பாதை நெடுகிலும் மாறாமல் இருந்தது. அதைப் பார்த்தவர்கள்தான் இவர்கள். பொருள் நகர்ந்தால் நகரும் திசையில் ஒரு விசை இருந்தே ஆகவேண்டும் என்ற எண்ணத்தோடு வந்தார்கள். அந்த எண்ணம் கலையாமலே போனார்கள்.

அடுத்து நான் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கேள்வியை வைவாவில் கேட்பதையே நிறுத்திவிட்டேன். பதிலாகச் சூத்திரம் கேட்டேன், வரையறை கேட்டேன். மனப்பாடமாகச் சரியாகச் சொன்னார்கள். மதிப்பெண் போட்டு அனுப்பினேன்.

அறியாமை என்று நான் சாக்குச் சொல்ல முடியாது. 'வெரிட்டாசியம்' யூடியூப் அலைவரிசையைப் பின்னாளில் தொடங்கிய டெரிக் முல்லர், சிட்னி பல்கலைக்கழகத்தில் காணொளி வழி இயற்பியல் கற்பதையே முனைவர் பட்டத்துக்கு ஆய்ந்து 2008இல் முடித்தார். தெளிவான விளக்கக் காணொளியைப் பார்த்த மாணவர்கள் அதைப் புகழ்ந்தார்கள். 26க்குச் சராசரி 6 என்றிருந்த அவர்கள் மதிப்பெண் ஏறக்குறைய அங்கேயே நின்றது. தவறான எண்ணங்களை முதலில் பேசவிட்டு அலசிய காணொளி குழப்பமாக இருக்கிறது என்றார்கள் அதைப் பார்த்தவர்கள். அவர்கள் மதிப்பெண்தான் 11 வரை உயர்ந்தது. இதை நான் படித்திருந்தேன். படித்தும் மாறவில்லை. மாணவர் குழம்பினால் என்னைப் பற்றிய கருத்துப் படிவத்தில் மதிப்பு குறையும். ஒவ்வொரு கேள்விக்கும் நின்றால் பாடத்திட்டம் முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் தவறாகச் சொல்லும் ஒவ்வொரு பதிலும் என் கற்பித்தலின் அளவுகோல் என்ற பயம் இருந்தது.

குறை கருவியில் இல்லை. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் ஃபெட் திட்டத்தைத் தொடங்கியது மாணவர் தாமே மாற்றிப் பார்த்துக் காரணம் தேடுவதற்காக. அதன் மின்சுற்று சிமுலேஷனில் பயின்றவர்கள், உண்மையான பல்பும் கம்பியும் கொண்டு பயின்றவர்களைவிட நிஜச் சுற்றை நன்றாக அமைத்து விளக்கியதாக 2005இல் வெளிவந்த ஆய்வு ஒன்று சொல்கிறது. அங்கே மவுஸ் மாணவர் கையில் இருந்தது. என் வகுப்பில் அது என் கையை விட்டுப் போகவில்லை. முதல் பல்பு மின்னோட்டத்தைக் கொஞ்சம் தின்றுவிடும், அடுத்த பல்பு மங்கலாகத்தான் எரியும் என்று நம்பியவர்கள் அதைச் சொல்ல நான் இடமே தரவில்லை. தொடரில் உள்ள ஒரே மாதிரியான இரண்டு பல்புகள் சமமாக எரிவதைக் காட்டிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போனேன். செயல்விளக்கத்தை வெறுமனே பார்த்தவர்கள் பார்க்காதவர்களைவிடப் பெரிதாக எதையும் புரிந்துகொள்வதில்லை, என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொன்னவர்களே கூடுதலாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஹார்வர்டில் எரிக் மசூர் குழு 2004இல் காட்டியிருந்தது.

இப்போது ஸ்விட்சைப் போடுமுன் காணொளியை நிறுத்துகிறேன். ஆளாளுக்கு விடையைத் தாளில் எழுதுகிறார்கள், பக்கத்தில் இருப்பவரோடு வாதிடுகிறார்கள், அதன் பிறகே பார்க்கிறோம். பாடம் மெதுவாக நகர்கிறது. பந்தைப் பற்றிய கேள்வியை வைவாவில் மீண்டும் கேட்கிறேன். இன்னும் தவறான பதில்கள் வருகின்றன, ஆனால் அவற்றை நான் மறைப்பதில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் என்னிடம் படித்துப்போனவர்களில் சிலர் இன்று பள்ளிகளில் இயற்பியல் நடத்துகிறார்கள். அவர்களுக்கு நான் செய்தது அநீதி.

காணொளி வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். திரையில் ஓடவிடுமுன் என்ன நடக்கும் என்று மாணவரிடம் கேளுங்கள். வரும் பதில் தவறாக இருந்தால் பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.